பாட்டி அல்ல, படகுக்காரி

கவிழ்த்து வைத்த பானையின் மேல் வெள்ளைச் சவுரி ஒன்று உட்கார்ந்திருந்தது. அது வழுக்கிவிடாமல் பிடித்துக்கொள்வது மகனின் வேலை. பின்னுவது அம்மாவின் வேலை.

"இறுக்கிப் பிடிடா மீட்டரு. பானைக்கு ஒண்ணும் வலிக்காது."

"பானைக்கு வலிக்காது. என் கைதான் மரத்துப்போச்சு."

"ஆமா, ஊர்ல இருக்கிற எடை மிஷினையெல்லாம் தூக்கிப் புரட்டுற கை. ஒரு சவுரியப் பிடிக்க மரத்துப்போகுது."

மகன் அளவுக் கருவிகளைச் சோதிப்பவன். தராசோ வெப்பமானியோ, சரியாகக் காட்டினால் பச்சை ஸ்டிக்கர், தப்பாகக் காட்டினால் சிவப்பு. அம்மா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருஷமாகிவிட்டது. மீட்டர்தான்.

நாலு கால் பின்னல். நுனி வரைக்கும் வந்தவள் மொத்தத்தையும் அவிழ்த்து மறுபடி தொடங்கினாள். ஒரு கால் தளர்ந்திருந்ததாம். அவன் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"யாரும்மா இதெல்லாம் பாக்கப்போறாங்க?"

"பாக்காமயே பாட்டின்னு எழுதினவனுங்க. பாத்தா இன்னும் என்னென்ன எழுதுவானுங்களோ. வெள்ளிக்கிழமை அவனுங்க முன்னாடி போய் நிக்கிறப்ப ஒரு முடி பிசகக்கூடாது. பிடி."

அதுதான் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை. மறுநாள் மத்தியானம் அம்மா இறந்துபோனாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் கண்ணில் அந்தச் சவுரி பட்டது. ஒருவர், மருந்தால் முடி கொட்டிவிட்டதா என்று கேட்டார். ஒருவர், நாடகத்தில் நடிக்கிற பழக்கம் உண்டா என்றார். இன்னொருவர், பாவம், கொஞ்ச நாளாகவே புத்தி தடுமாறியிருக்க வேண்டும் என்று முடிவே கட்டிவிட்டார். அவளுக்குப் புத்தி தடுமாறவில்லை. நடிக்கவும் இல்லை. தலையில் அவளுக்குச் சொந்த முடி வேண்டிய மட்டும் இருந்தது.

அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போன வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தவள், பிறகு விடவே இல்லை. பிள்ளைகளுக்கு அவள் 'வேன் அம்மா'. சத்தம் போட மாட்டாள். தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். பின் சீட்டில் சண்டை நின்றுவிடும்.

பின் சீட்டுக்காரர்கள் அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒன்றில் பைத்தியமாக இருந்தார்கள். கடல் பொங்கி ஊர்களெல்லாம் மூழ்கிப்போன உலகம். ஒளி வாள் வைத்திருக்கும் ஒரு பெண். அவளைத் துரத்தும் படை. அம்மா அதில் ஒரு காட்சிகூடப் பார்த்ததில்லை. ஆனால் சிக்னலில் நிற்கும்போதும் நெரிசலில் ஊர்ந்துபோகும்போதும் முதுகுக்குப் பின்னால் கேட்டுக் கேட்டே முழுக் கதையும் அத்துப்படி. யார் செத்தார்கள், யார் செத்த மாதிரி படுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். வீட்டுக்கு வந்து மகனிடம் சொல்வாள். அவனும் பார்த்ததில்லை.

கதையைப் பேசி முடித்தால் பிள்ளைகள் அதையே விளையாடுவார்கள். வேடங்கள் பிரிப்பதில்தான் தகராறு.

"நான்தான் வாள்காரி."

"நேத்தும் நீதான். நீ இன்னைக்குப் படகுக்காரி."

"ச்சீ, அது கிழவி. எனக்கு வேணாம்."

"எனக்கும் வேணாம். வேன் அம்மாவ இருக்கச் சொல்லு!"

"இருக்கேனே," என்றாள் அம்மா முன்னாலிருந்து. "ஆனா என் படகுல எவனும் எந்திரிச்சு நிக்கக்கூடாது. நின்னா கடல்ல இறக்கிவிட்டுடுவேன்."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து அவள்தான் படகுக்காரி. தொடரில் வரும் படகுக்காரி, ஊருக்கு ஊர் ஆட்களை ஏற்றி இறக்குகிறவள். வாள் கிடையாது, மந்திரம் கிடையாது. நீளமான மஞ்சள் கோட்டு, நாலு கால் வெள்ளைப் பின்னல், இடது கையில் மூன்றே விரல். நூற்றுக்கு மேற்பட்ட பாகங்களில் நாலைந்தில்தான் தலைகாட்டுவாள்.

ஒரு விடுமுறை நாளில் மகன் அந்தப் பாகங்களைத் தேடி எடுத்துப் போட்டுக் காட்டினான். அம்மாவுக்குத் திருப்தி இல்லை.

"இவ இல்லடா. என் படகுக்காரி இன்னும் கொஞ்சம் பூசுன மாதிரி இருப்பா."

"படைச்சவன்கிட்டயே சண்டையா?"

"படைச்சவன் ஒரு தடவைதான் படைச்சான். நான் தினம் ரெண்டு நேரம் ஓட்டுறேன்."

அடுத்த காட்சியில் படகு புயலில் போகிறது. வாள்காரி முன்னால் நின்று அலையைப் பார்க்கிறாள். படகுக்காரியோ அலையைப் பார்க்கவில்லை. படகைத் திருப்பும் சக்கரத்துக்கு மேலே தொங்கும் ஒரு வட்டக் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கிறாள். அதில், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தெரிகிறார்கள். ஒரு நொடிதான்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நிறுத்து. பின்னாடி போ. மறுபடி போடு."

மூன்றாவது தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இத வரைஞ்சவன் வீட்ல யாரோ வண்டி ஓட்டியிருக்காங்கடா."

காஸ்பிளே என்ற ஒன்று உண்டு என்பதும் பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். அனிமே பாத்திரத்தின் உடையை அச்சு அசலாகச் செய்து, போட்டுக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே நின்று படம் எடுத்துக்கொள்வது. வருஷத்துக்கு ஒருமுறை ரசிகர் குழு ஒன்று அந்தப் படங்களைக் கண்காட்சி வைக்கும். அதற்கு அனுப்ப வேண்டும் என்று அம்மா சொன்னபோது சித்தியும் வீட்டில் இருந்தாள்.

"இந்த வயசுல வேஷம் கட்டப்போறியாக்கா?"

"வேஷம்னா இல்லாததக் காட்டுறது. நானும் ஓட்டுறவ, அவளும் ஓட்டுறவ. இதுல எங்கடி வேஷம்? யூனிஃபார்ம் மாத்துறேன், அவ்வளவுதான்."

"நல்லா மாத்து. ஊரே சிரிக்கட்டும்."

"ஊருக்கு வேற வேலை இல்லேன்னா சிரிக்கட்டும்."

மஞ்சள் கோட்டை அவளே தைத்தாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சாயங்காலம் மணி அடிக்கும்வரை வேன்களை நிழலில் போட்டுவிட்டு ஓட்டுநர்கள் தூங்குவார்கள். அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மஞ்சள் துணியில் ஊசி ஓட்டினாள். என்னக்கா, வண்டிக்குக் கவரா என்று கேட்டார்கள். ஆமா, ஓட்டுறவளுக்குக் கவர் என்றாள். கையுறையில் இரண்டு விரலை உள்பக்கம் மடித்துத் தைத்தாள். லாரி ஸ்டியரிங் ஒன்றும், பழைய பஸ்ஸின் வட்டக் கண்ணாடி ஒன்றும் வேனைப் பழுதுபார்க்கும் ஒர்க் ஷாப்பில் கிடைத்தன.

படம் எடுக்கும் இடமும் அங்கேயேதான்: ஒர்க் ஷாப்பின் பின்னால் வண்டி கழுவும் முற்றம். தரையெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கும். குழாயைச் சீறவிட்டால் பனிமூட்டம் மாதிரி பறக்கும். காலையில் சுவருக்கு மேலாக வெயில் விழும் திசையை மகன் முந்தின வாரமே வந்து பார்த்து வைத்தான். வெயிலுக்கு எதிரே காமிரா. நடுவில் சாரல். சாரலுக்குள் அம்மா. அவள் முகத்துக்கு மட்டும் வெள்ளைத் தெர்மாக்கோல் பலகையால் வெளிச்சத்தைத் திருப்பிவிட வேண்டும். பன்னிரண்டு விதமாக எடுக்கலாம் என்று திட்டம் போட்டான்.

"ஒரே விதம் போதும். கண்ணாடியப் பாக்குறது."

"மத்தவங்கல்லாம் கையத் தூக்கி, கோட்டு பறக்க..."

"முன்னாடி பாக்குறதுக்கு யாராச்சும் இருப்பாங்கடா. பின்னாடி எல்லாத் தலையும் இருக்கான்னு பாக்குறவதான் ஓட்டுறவ. அத எடு."

விடுமுறைக் காலையில் இருவரும் போனபோது ஒர்க் ஷாப் காவலாளி வழிமறித்தார். கோட்டையும் பின்னலையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, உங்க வயசு என்ன, இந்தக் கோலம் என்ன?"

"வயசு லைசென்ஸ்ல இருக்கு. கோலத்த இவன் படத்துல எடுப்பான். நீங்க சும்மாதான நிக்கிறீங்க? அந்தக் குழாயப் பிடிங்க."

சொன்ன தோரணையில் அவர் குழாயைப் பிடித்துவிட்டார். அம்மா ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னால் போய் நின்றாள். கண்ணாடி அவள் தலைக்கு மேலே கம்பியில் தொங்கியது. மகன் முதல் படத்தை எடுத்துப் பார்த்தான். பின்னாலிருந்து அடிக்கும் வெயிலில் வெள்ளை முடி மொத்தமும் வெளிறி, இழையே தெரியாமல் போயிருந்தது. போட்டோ எடுக்கிறவர்கள் அதை எரிந்துவிட்டது என்பார்கள். அவனும் அப்படியே கத்தினான்.

"அம்மா! முடி எரியுது!"

அம்மா திரும்புவதற்குள் காவலாளி குழாயை அவள் தலைக்கு நேராகத் திருப்பிவிட்டார். முழு வேகத்தில்.

"ஐயோ, அணையலையே! எங்கேம்மா நெருப்பு? எங்க?"

"நெருப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல, நிறுத்துங்க!"

"அவர்தான எரியுதுன்னாரு?"

அம்மா மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய நின்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சுமுட்டச் சிரித்தாள். காவலாளியும் சிரித்தார். மகன் துண்டோடு ஓடினான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"துடைக்காத. புயல்ல போறவ காஞ்சா இருப்பா? போ, எடு."

நனைந்த முடியில் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. கோட்டு உடம்போடு ஒட்டிக் கனத்தது. மூன்று விரல் கை சக்கரத்தில் பதிந்திருந்தது. சிரிப்பு அடங்கிய முகத்தை நிமிர்த்தி அம்மா கண்ணாடியைப் பார்த்தாள். வேனில் பார்க்கிற அதே பார்வை. அந்த முற்றத்தில் பின்னால் யாருமே இல்லை. ஆனாலும் மகனுக்கு அவள் தோளுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்க்கத் தோன்றியது.

அந்தப் படத்தைத்தான் அனுப்பினார்கள். 'கதாபாத்திரம்' என்ற பிரிவுக்கு அனுப்பினார்கள். பாத்திரத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்று நடுவர்கள் பார்க்கும் பிரிவு அது. இன்னொன்றும் உண்டு, 'கலகலப்பு'. குழந்தைக்குக் கவசம் மாட்டியது, நாய்க்கு முகமூடி போட்டது இதெல்லாம் அதில் வரும்.

பட்டியல் இணையத்தில் வந்தது. அம்மா கலகலப்பில் இருந்தாள்.

படத்தைச் சதுரமாக வெட்டியிருந்தார்கள். வெட்டியதில் கண்ணாடி போய்விட்டது. கண்ணாடி போனால் என்ன மிச்சம்? நனைந்துபோன ஒரு வயதான பெண் எதையோ அண்ணாந்து பார்க்கிறாள். கீழே எழுதியிருந்தார்கள்: 'மேலே என்ன பாக்குறீங்க பாட்டி, காக்காயா?' அதற்குக் கீழே சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக நின்றன.

அம்மா அதை மறுபடி ஒருமுறை படித்தாள். பிறகு கேட்டாள்.

"பாட்டியா? எவனுக்குடா நான் பாட்டி? நீ கல்யாணமே பண்ணல."

"விடும்மா. சின்னப் பசங்க."

"சின்னப் பசங்க என் பின்னாடி சீட்ல உக்காந்திருக்காங்க. அதுங்களுக்குத் தெரியும் நான் எங்க பாக்குறேன்னு. நம்பரப் போடு."

ஸ்பீக்கரில்தான் பேசினாள். எடுத்தவர் ஏற்பாட்டாளர்.

"மேடம்! உங்க படம் செம க்யூட் மேடம்."

"க்யூட்டுக்கா நான் அனுப்பினேன்?"

"உங்க வயசுல கலந்துக்கிறதே பெரிய விஷயம் மேடம்."

"கலந்துக்க வரல தம்பி. படகு ஓட்ட வந்தேன். கண்ணாடிய ஏன் வெட்டினீங்க?"

"எந்தக் கண்ணாடி மேடம்?"

அம்மா மகனைப் பார்த்தாள். கேட்டியா என்பது போல.

கடைசியில் ஏற்பாட்டாளர் வழி சொன்னார். கதாபாத்திரப் பிரிவில் வர வேண்டுமென்றால், உடையோடு நேரில் வந்து நடுவர்கள் முன் நிற்க வேண்டும்; கண்காட்சிக்கு முந்தின நாளான வெள்ளிக்கிழமைதான் அதற்குக் கடைசி. யாராக இருந்தாலும் அதுதான் விதி.

"யாரா இருந்தாலும்னா சரி," என்றாள் அம்மா. "வர்றேன்."

அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சவுரியை அலசிக் காயவைத்துப் பின்னினாள்.

புதன்கிழமை, ஒர்க் ஷாப் வாசலில், டிரைவர் சீட்டிலேயே மாரடைப்பு. வண்டியை ஓரங்கட்டி, கைபிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தாளாம். வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். என்ன பொறுப்பு, என்ன பொறுப்பு. மகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாகும்போதுகூட அவள் ஒரு பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டியிருந்ததா? உயிரோடு இருந்தபோது அவள் செய்த ஒன்றைப் பார்த்துக் காக்காய் என்றார்கள். அப்போது எங்கே போனார்கள் இந்த மெச்சுகிறவர்களெல்லாம்?

வெள்ளிக்கிழமை காலையில் அவன் சட்டை மாட்டுவதைச் சித்தி பார்த்தாள்.

"வீட்ல ஆளுங்க வந்து போய்ட்டு இருக்காங்க. எங்கடா கிளம்பிட்ட?"

"படத்தப் பத்திப் பேசணும் சித்தி."

"நல்லதாப் போச்சு. எடுத்துடச் சொல்லு. போனவளப் பாத்து இன்னும் நாலு பேர் சிரிக்கணுமா? செத்துட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு, மறுபேச்சு பேசாம எடுத்துடுவாங்க."

"எடுக்க மாட்டாங்க. பூ வச்சு, விளக்கு வச்சு, நடுக்கூடத்துல மாட்டுவாங்க. அதனாலதான் சொல்லப்போறதில்ல."

"என்னடா உளர்ற?"

"அம்மா செத்ததுக்காகக் குடுக்கிற இடம் எனக்கு வேணாம். படத்துக்குக் குடுக்கட்டும்."

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

மண்டபம் இரண்டாம் மாடியில். இளசுகள் ஏணியில் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கறுப்புத் துணி தடுப்பு. இந்தப் பக்கம் கதாபாத்திரம், அந்தப் பக்கம் கலகலப்பு. ஏற்பாட்டாளர் தாடி வைத்த ஆள், கழுத்தில் அடையாள அட்டை. மகனுடைய மழிக்காத முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அம்மா வரலையா?"

மகன் சுருட்டிக் கொண்டுவந்த படத்தை மேசையில் விரித்தான். "இது நாங்க அனுப்பினது. அங்க தொங்குறது நீங்க வெட்டினது."

"பட்டியல்ல எல்லாமே சதுரமா வரணும் சார். கம்ப்யூட்டரே வெட்டிடும்."

"கம்ப்யூட்டரே காக்காயும் எழுதுமா?"

ஏணியில் இருந்த யாரோ சிரித்தார்கள். தாடிக்காரர் காது சிவந்தது. "ஜாலிக்கு எழுதினது சார்."

"யாருக்கு ஜாலி? இந்தப் படத்துல சிரிப்பு எங்க இருக்குன்னு காட்டுங்க. கோட்டுலயா?"

"கோட்டு நல்லா இருக்கு."

"பின்னல்ல?"

"இல்ல சார்... அது வந்து... நம்ம பார்வையாளர்கள் பெரும்பாலும் சின்ன வயசு. அவங்களுக்கு இப்படி ஒருத்தர..."

மகன் கதாபாத்திரப் பக்கச் சுவரைக் காட்டினான். அங்கே ஒரு மஞ்சள் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இருபது வயதுப் பெண் ஒருத்தி, அதே படகுக்காரியாக. நெற்றியிலும் கன்னத்திலும் பென்சிலால் சுருக்கம் வரைந்திருந்தாள். பின்னல் மூணு கால்.

"சுருக்கத்த வரைஞ்சா கதாபாத்திரம். சொந்தமா இருந்தா கலகலப்பு. அப்படித்தான?"

படத்தில் இருந்த பெண்ணே அங்கே ஏணியில் இருந்தாள், வாயில் ஆணியை வைத்துக்கொண்டு. இறங்கி வந்து மேசை மேல் குனிந்தாள். ஆணியைக் கையில் எடுத்தாள்.

"ஐயோ, கண்ணாடி! அந்தக் கண்ணாடிய நான் விட்டுட்டேனே. எத்தனை தடவை பாத்தேன், கவனிக்கவே இல்ல." மறுபடி பார்த்தாள். "நாலு கால் பின்னல்! அண்ணா, யாரு இவங்க? வண்டி ஓட்டுறவங்களா?"

"ஆமா."

"பாத்தாலே தெரியுது. எப்ப வருவாங்க? நான் அவங்ககூட நிக்கணும்."

தாடிக்காரர் படத்தை இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், வெட்டின படத்தைக் கழற்றி, கீழே எழுதியிருந்ததையும் கிழித்தார்.

"இத இங்க மாட்ட மாட்டோம் சார். தப்புதான். ஆனா அந்தப் பக்கம் மாட்டணும்னா அவங்க நேர்ல வந்தாகணும். இந்தப் பொண்ணும் போன வாரம் வந்து நின்னா. உங்கம்மாவுக்கு மட்டும் வளைச்சா, நாளைக்கு வயசப் பாத்துச் சலுகைன்னு பேசுவாங்க."

விதி சரியாகத்தான் இருந்தது. அம்மாவும் அதைத்தான் ஒப்புக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை மகனின் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் இந்த மண்டபமே எழுந்து நிற்கும். தாடிக்காரர் கண் கலங்குவார். விதி அந்த நிமிஷமே வளையும். படம் மேலே ஏறும். ஆனால் ஏறுவது படகுக்காரி அல்ல, ஒரு பாவப்பட்ட அம்மா. காக்காய் பார்த்த பாட்டிக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

விழுங்கிக்கொண்டான்.

"ராத்திரி பூட்டுற வரைக்கும் நடுவர்கள் இருப்பாங்க சார். ஆணி அடிச்சு வைக்கிறேன். வரச் சொல்லுங்க."

"சொல்றேன்," என்றான்.

படத்தை அவர்களிடமே விட்டுவிட்டு இறங்கினான். வீட்டு வாசலில் சித்தி நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடா சொன்னாங்க?"

"தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"அம்மாவ நேர்ல வரச் சொல்றாங்க."

சித்தி அவனுக்குச் சாப்பாடு எடுத்துவைக்க உள்ளே போனாள்.

அம்மா விட்டுப்போன வேலை ஒன்றே ஒன்றுதான். அந்த இரண்டு மாடி ஏறி, மஞ்சள் கோட்டோடு நடுவர்கள் முன் போய் நிற்பது. மகன் கையில் முடிகிற வேலைகளை முடித்துவிட்டான். அந்த ஆணி காலியாகவே இருந்தாலும், இது அவன் போய்ச் செய்கிற வேலை அல்ல.